நிற்கும்போது குடிக்கிற வண்டி

கூத்தையாவுக்கும் மூக்கையாவுக்கும் சேர்த்து ஒரே வண்டி. பழைய டூ ஸ்ட்ரோக். ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து எந்தக் காலமோ ஆயிற்று. முள் சைபரிலேயே செத்துக் கிடக்கும். பகலில் கூத்தையா அதில் ஏறித் தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் உரிப்பான். பொழுது சாயும்போது மூக்கையா வாங்கிக்கொண்டு கடலோரத்து இறால் பண்ணைக்குக் காவலுக்குப் போவான். விடிந்ததும் கூத்தையா வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பக்கத்து ஊரிலிருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போவான்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். கூத்தையாவின் தங்கை முத்தழகு மூக்கையாவுக்கு வாக்கப்பட்டவள். மூக்கையாவின் தங்கை நாகலெட்சுமி கூத்தையாவின் பெண்டாட்டி. ஒரே பந்தலில் இரண்டு தாலி ஏறியது, செலவு பாதியாகட்டும் என்று. வண்டியும் அப்படி வாங்கியதுதான்.

உப்புக் காற்றில் எதுவும் உருப்படியாக இருக்காது. டாங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பும் துரு ஏறி இறுகிப்போயிருந்தது. "அதத் திருகவே செய்யாதீக மச்சான். தெறந்தே கெடக்கட்டும். ஒடிஞ்சுச்சுன்னா புதுசுக்கு நாயா அலையணும்" என்று கூத்தையாதான் சொல்லி வைத்தான். மூக்கையா சொன்ன சொல் தட்டாத ஆள். அதற்குப் பிறகு அவன் கை அந்த டேப் பக்கமே போகவில்லை.

மாசி கழிந்து வெயில் ஏறிய சமயத்தில் வண்டி பெட்ரோலைக் கண்டபடி குடிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் பாதி டாங்கோடு போகும் வண்டி காலையில் அடி தட்டி வரும். கூத்தையா டாங்கைத் திறந்து, வண்டியை ஆட்டி, காதை வைத்துக் கேட்பான். உள்ளே தண்ணிப்பானையின் அடியில் அகப்பை உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான்.

உச்சிப்புளியில் பாக்கர் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பாக்கர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோல் அதிகம் போனால் கறுத்திருக்கும்; இது நல்ல காப்பிப்பொடி நிறம். காற்று வடிகட்டியைத் தட்டினார், கார்புரேட்டர் ஜெட்டை ஊதினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு காலி குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோலை அளந்து ஊற்றி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டார். டாங்குக் குழாயைப் பிடுங்கிவிட்டு பாட்டில் குழாயை கார்புரேட்டரில் மாட்டினார்.

"ஆஸ்பத்திரியில கெடக்குற மாதிரி இருக்கே பாய்."

"சீக்குன்னுதானய்யா கொண்டாந்த. ஏறு பின்னால."

பாம்பன் ரோட்டில் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே போனார்கள். பாட்டில் வற்றி வண்டி நின்ற இடத்தில் பாக்கர் இறங்கி, பக்கத்தில் இருந்த கல்லைப் பார்த்தார். அந்த வயசு வண்டிக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

"வண்டி சொன்ன தூரத்துக்கு ஓடுது. குடுக்குறது சரியாத்தான் குடுக்குது" என்றார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பாதி சிரிப்பாகச் சொன்னார்: "ராத்திரியில அது எங்கிட்டுப் போகுதுன்னு பாரு. வண்டியப் பாத்தாச்சு. இனி ஓட்டுற ஆளத்தான் பாக்கணும்."

பாக்கருக்கு அது பேச்சுவாக்கில் சொன்னது. கூத்தையாவுக்கு அது முள்ளாகத் தைத்தது. திரும்பும் வழியெல்லாம் யோசித்தான். பண்ணை ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. ராத்திரி முழுக்க வண்டி நிற்கத்தானே வேண்டும். நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்? எப்போதோ ஒரு நாள் மூக்கையா, "பெரியபட்டினத்துல டீ நல்லாருக்கு மச்சான்" என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. டீ குடிக்க ஒருத்தன் அவ்வளவு தூரம் போவானா? அந்த ரோட்டில் எவளோ இருக்கிறாள். தேங்காய் உரிக்கிற கம்பியில் மட்டையைக் குத்துகிற ஒவ்வொரு குத்துக்கும் அந்த எவளுக்கு ஒரு முகம், ஒரு வீடு, ஒரு வாசல் என்று வளர்ந்துகொண்டே போயிற்று.

நேரே மூக்கையாவைக் கேட்டிருக்கலாம். ஆனால் பெண் மாற்றிக்கொண்ட வீடுகளில் ஆம்பளை ஆம்பளையைக் கேட்டால் அது வழக்காகிவிடும். எதுவானாலும் பொம்பளைகள் வழியாகத்தான் விசாரிப்பார்கள். கூத்தையாவும் அந்த வழக்கப்படியே தங்கையிடம் போனான்.

"ஏத்தா, ஒம் புருசன் ராத்திரிப் பண்ணையிலதான் இருக்காரா?"

முத்தழகு அம்மியை நிறுத்தினாள். "ஏண்ணே அப்படிக் கேக்குறீக?"

"சும்மாதான். பெரியபட்டினம் பக்கம் வண்டி போகுதுன்னு தெரியுது. எதுக்குன்னு நீயே கேட்டுப்பாரு."

தெரிகிறது என்றுதான் சொன்னான். தோன்றுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

முத்தழகு வீட்டில் கேட்டாள். மூக்கையா சிரித்தான். மறுபடி கேட்டாள். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தான். அவளுக்கு மனம் ஆறவில்லை. கூடப் பிறந்த அண்ணன் பொய் சொல்வானா? மறுநாள் பொழுது அடையும் நேரத்தில் பண்ணைக்கே போய், இறாலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆட்களுக்கும் முன்னால், "பெரியபட்டினத்துல இருக்காளே, அவ பேரச் சொல்லு, நான் போயிடுறேன்" என்று கேட்டுவிட்டாள். ஆட்கள் தீனி வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூக்கையா மடியைத் துழாவினான். வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அந்தச் சாவியோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாளில் தங்கையைக் கூப்பிட்டு மூக்கையாவிடமிருந்து ஆள் வந்தது. நாகலெட்சுமி துணிகளைப் பையில் திணித்தாள்.

"நீ எதுக்குடி போற? ஒனக்கும் எனக்கும் என்ன?"

"அங்கனருந்து ஒருத்தி வந்துட்டால்ல. இங்கனருந்து ஒருத்தி போகணும்ல. அதுதான கணக்கு" என்றாள். அவனைப் பார்க்கவில்லை. "சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பண்ணையிலிருந்து எடுத்து வந்த வண்டி இப்போது முழுக்க கூத்தையாவுடையது. ராத்திரியில் அவன் வாசல் மணலில்தான் நின்றது. சாவி அவன் தலைமாட்டில் இருந்தது. இனிமேல் பெட்ரோல் நிற்கும் என்று நம்பி டாங்க் நிறைய ஊற்றினான். தோப்புக்குப் போனான், வந்தான். அவ்வளவுதான் ஓட்டம். அந்த வாரமே ஒரு நாள், காலையில் வாசலிலிருந்து கிளம்பி உச்சிப்புளி ரோட்டில் ஏறியதும் வண்டி இருமி, விக்கி, நின்றது. ரிசர்வும் இல்லை. டாங்கைத் திறந்தான். சத்தமே இல்லை.

ரோட்டோரத்தில் அப்படியே நின்றான். வண்டியை வேறு யாரும் தொடவில்லை. எங்கும் போகவில்லை. ஆனாலும் பெட்ரோல் போய்விட்டது. வெயில் தலையில் இறங்கியது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயிற்று. பாக்கர் கடைப் பக்கம் வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

பாக்கர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வண்டியைச் சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்ட் பலகையில் ஏற்றி நிறுத்தினார். பெட்ரோல் ஊற்றினார். எதையும் கழற்றாமல், "வா, டீ குடிப்போம்" என்றார். குடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். கார்புரேட்டருக்கு அடியில் தொங்கிய சின்னக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. காத்திருந்தார்கள். இன்னொரு சொட்டு. பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"ஓடுறப்ப குடிக்கல. நிக்கிறப்பத்தான்யா குடிக்குது" என்றார் பாக்கர். கார்புரேட்டர் மூடியைத் திறந்து ஊசியை எடுத்து நகத்தில் வைத்துக் காட்டினார். பெட்ரோல் நிரம்பியதும் வழியை அடைக்க வேண்டிய ஊசி. முனை தேய்ந்து வளையம் விழுந்திருந்தது. "இது அடைக்கல. டேப்பு தெறந்திருந்தா ராப்பூரா ஒழுகும். மணல்ல நிப்பாட்டுனா சொட்டு தெரியாது. கடல் காத்துல வாடையும் நிக்காது. எங் கடை வாசலும் மணல்தான், எண்ணெ ஊறுன மணல். நானும் கோட்ட விட்டுட்டேன்."

கூத்தையா ஊசியை வாங்கி விரலில் உருட்டினான்.

"டேப்ப மூடியிருந்தா இந்த ஊசி இன்னும் ஒரு வருசம் ஓட்டியிருக்கும். நிப்பாட்டுனா மூடணும்னு தெரியாதாக்கும் ஒம் மச்சானுக்கு? எவன் அவனுக்கு வண்டி பழக்குனது?"

கூத்தையா ஊசியை மடியில் முடிந்துகொண்டான். "ஊசியும் மாத்துங்க. டேப்பும் மாத்துங்க" என்றான்.

சாயங்காலம் முத்தழகிடம் நடந்ததைச் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. "போய்ச் சொல்லுங்கண்ணே. இப்பவே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

பண்ணையில் மூக்கையா கரைமேல் குந்தியிருந்தான். பக்கத்தில் இரவல் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. கூத்தையா பழைய ஊசியைக் கையில் வைத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். டேப்பை மூடாதே என்று தானே சொன்னதையும் விடவில்லை. மூக்கையா ஊசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி மச்சான். தெரிஞ்சுபோச்சு. நல்லது."

"மனசுல வச்சுக்கிறாதீக."

"நாகலெட்சுமியக் கூட்டிட்டுப் போங்க. அவ ஒரு தப்பும் செய்யல. நான்தான் வீம்புக்குக் கூப்புட்டேன்."

கூத்தையாவுக்கு மூச்சு வந்தது. "முத்தழகும் கெளம்பித்தான் நிக்கிறா. காலையில நானே கொண்டாந்து..."

"வேணாம்."

குளத்துத் தண்ணீரில் இறால் ஒன்று துள்ளி விழுந்தது.

"அவ என்ன செஞ்சா மச்சான்? நான் சொன்னதத்தான கேட்டா."

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க ஒரு சொல்லு சொன்னீக, நம்பிட்டா. நான் சாமி தெசயப் பாத்துச் சத்தியம் பண்ணேன், நம்பல. இங்கன இருக்குறவனுக தெனமும் 'பெரியபட்டினத்துல டீ எப்படி'ன்னு கேட்டுச் சிரிக்கிறானுக. ஊசி மாத்துனா அது நிக்குமா?" மூக்கையாவின் குரல் உயரவே இல்லை. "ஆரை நம்புனாளோ அவுககூட இருக்கட்டும். பொழுது போகுது, கெளம்புங்க."

மூக்கையா வீட்டு வாசலில் நாகலெட்சுமி அதே பையோடு வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. வண்டி விக்காமல், புகைக்காமல் ஓடியது. இத்தனை சுத்தமாக அது ஓடி அவன் பார்த்ததில்லை.

வாசலில் முத்தழகு நின்றிருந்தாள். தலை சீவி, பூ வைத்து, மஞ்சள் பையை இடுப்பில் இடுக்கியிருந்தாள். நாகலெட்சுமி இறங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். கூத்தையா வண்டியை அணைத்துவிட்டு, குனிந்து புது டேப்பை மூடினான். நிமிர மனம் வரவில்லை.

"ஏண்ணே மூடுறீக?" என்றாள் முத்தழகு. "என்னையக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து மூடுங்க."