தார் பூசிய ஜீப்

என் புருசனுக்கு உதிரிப்பாகங்களில் இருக்கிற நம்பிக்கை மனிதர்களில் இல்லை. எங்கள் ஜீப் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து குறிகட்டுவான் துறையிலிருந்து எங்கள் தீவுக்கு வருகிற படகில் ஏதாவது ஒரு பாகம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ரயர் வந்தது, சொக் அப்சோபர் வந்தது, ஸ்டியரிங் தடிகளின் மூட்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் தானே பூட்டிவிட்டு, இனி ஆடாது என்பார். கொஞ்ச நாள் ஆடாது. பிறகு முன்சில்லு ஏதாவது கல்லில் ஏறி இறங்கியதும் பழையபடி சன்னதம் கொள்ளும்.

சும்மா நடுக்கம் இல்லை அது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்கும். முழுக்க நிறுத்தினால்தான் அடங்கும். நெடுந்தீவின் கல்லும் குழியுமான பாதைகளில் அடி தட்டாமல் ஓடவேண்டும், மாரி வெள்ளத்துக்குள்ளும் போகவேண்டும் என்று ஜீப்பை உயர்த்திப் பெரிய ரயர் போட்டிருந்தார். துறையில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர் மற்ற வாகனங்களை விட்டுவிட்டு எங்களுடையதைத்தான் கேட்பார்கள். அந்த உயரத்தில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்.

போன கிழமை ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனபோது ஜீப் ஆடிப்போய்க் கல்வேலியில் உரசி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. மடியில் குழந்தையோடு இருந்த பெண் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கி, வெயிலில் துறையை நோக்கி நடக்கத் தொடங்கினாளாம். அதற்குப் பிறகு இவர் ஜீப்பை எடுக்கவில்லை.

ஜீப் ஓடாவிட்டால் என்ன நடக்கும் என்பது வீட்டில் முன்பே பேசி முடித்த விஷயம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் மாதக்கணக்காக இவருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் ரஷ்யா, அங்கிருந்து பிரான்ஸ் என்பது அவனுடைய கணக்கு. ஜீப் ஓடுமட்டும் ஒரு இடமும் போகமாட்டேன் என்று இவர் எனக்கும் மகளுக்கும் சொல்லியிருந்தார். பக்கத்து ஒழுங்கை முருகேசு அண்ணையின் மகன் ஷாருஜன் அந்த ஏஜென்சிக்காரன் மூலம்தான் போனான். போன இடத்தில் ரஷ்யப் பட்டாளச் சட்டையைப் போட்டுவிட்டார்கள் என்று தாய்க்கு ஒரு குரற்பதிவு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அதைச் சொன்னால், அவன் பெடியன், ஏமாந்துவிட்டான் என்பார் இவர். இவர் பெரிய மனிதர், ஏமாறமாட்டாராம்.

இன்று பின்னேரம் கடைசியாகப் போன் எடுப்பேன், முடிவைச் சொல்லவேண்டும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். அதனால் காலையிலேயே நான் ஊர்காவற்றுறையில் வாகனம் திருத்துகிற கராச் வைத்திருக்கிற சசிகரனுக்குப் போன் எடுத்தேன். வெட்கம் பார்த்தால் எனக்கு வேலை நடக்காது.

"அக்கா, இனி ஒரு சாமானும் வாங்காதையுங்கோ" என்றான். "ஒராள் ஏறியிருந்து ஸ்டியரிங்கை ரண்டு பக்கமும் ஆட்டோணும். ஒராள் கீழை படுத்து, சில்லு திரும்ப முன்னம் வேறை எது அசையுது எண்டு பாக்கோணும். தனிய ஏலாது."

இவ்வளவு நாளும் இவர் தனியத்தான் பார்த்தார்.

இவருடைய பழைய சேர்ட்டை மாட்டிக்கொண்டு சாக்கை விரித்து நான் கீழே படுத்தேன். மேலே இவர் ஆட்டத் தொடங்கினார். சசிகரன் சொன்ன வரிசையில் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தேன். முதலாவது இறுக்கம். அடுத்ததும் இறுக்கம். ஒன்றாவது ஆடக்கூடாதா என்று நயினாதீவு அம்மனை மன்றாடினேன். ஆடுகிற மூட்டைக் கடையில் வாங்கலாம். எல்லாம் புதுசு, எல்லாம் நன்றாக இருந்தன.

பிறகு ஸ்டியரிங் பெட்டியைப் பார்த்தேன். அதன் ஆணிகள் அசையவில்லை. ஆனால் பெட்டி அசைந்தது. அதைத் தாங்குகிற செசி இரும்பும், ஜீப்பின் அடிச்சட்டம், அதோடு சேர்ந்து அசைந்தது. இவர் ஆட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இரும்பின் மேலிருந்த கறுப்புத் தாரில் ஒரு வெடிப்பு, மீனின் செவுளைப் போலத் திறந்து மூடியது.

மாரிக்கு முன் வள்ளங்களுக்குத் தார் பூசுகிற மாதிரி இவர் வருடாவருடம் ஜீப்பின் அடிக்கும் பூசுவார். உப்புக்காற்று இரும்பைத் தின்னக்கூடாது என்று. ஊரே மெச்சியது. திருப்புளியால் அந்த வெடிப்பில் குத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போனது. இழுத்ததும் துருத் தூளோடு ஈரம் வழிந்தது. மழை பெய்து எவ்வளவோ நாளாகிவிட்டது. உப்பை வெளியே நிறுத்தவேண்டிய தார் அதை உள்ளே பூட்டி வைத்திருந்தது.

"என்ன தெரியுது?" என்று மேலிருந்து கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொன்னால் இவர் ரஷ்யாவுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். நாளைக்கே யாரையாவது ஏற்றுவார். அந்தப் பெண்ணின் மடியில் இருந்த குழந்தையை நான் கண்டதில்லை, ஆனாலும் அது என் கண்ணுக்குள் நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர்மேல், தார்மேல், அம்மன்மேல்.

"செசி உக்கிப்போச்சு. இறங்கி வந்து பாருங்கோ" என்றேன்.

வந்து எனக்குப் பக்கத்தில் படுத்தார். வெடிப்பில் பெருவிரலை வைத்து அமத்தினார். இரும்பு பப்படமாக உதிர்ந்தது. போனில் படம் எடுத்து அனுப்பினோம். சசிகரன் உடனே திருப்பிப் போன் எடுத்தான். உயர்த்திப் பெரிய ரயர் போட்ட நாள் முதல் பாரம் எல்லாம் அந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்றான். பற்றவைக்கலாமா என்று இவர் கேட்டார்.

"வெல்டிங் பிடிக்கிறதுக்கு இரும்பு இருக்கோணும் அண்ணை. அங்கை இரும்பே இல்லை."

இவர் போனை என்னிடம் தந்தார். ஏறியிருந்து இன்னொருக்கால் ஆட்டச் சொன்னார். ஏறினேன். சாரதியின் சீற்றில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். கீழே துருவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. போதுமா என்று கேட்டேன். இன்னும் ஆட்டும் என்றார். நெடுநேரம் ஆட்டினேன். நிழல் மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

மடியில் இருந்த போன் அடித்தது. ஏஜென்சிக்காரனின் இலக்கம்.

"அவன்தான்" என்றேன்.

கீழே சுரண்டுகிற சத்தம் நின்றது.

"ஓம் எண்டு சொல்லும்" என்றார்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் அங்கேயே கிடக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. நான் ஓம் என்றேன். ஒரு கை இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தது.

யாருக்கு, முழுப்பெயரைச் சொல்லுங்கோ என்று அவன் கேட்டான். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தம்பு ஜெயரூபன்" என்றேன். சரியாகக் கேட்கவில்லை, பலமாகச் சொல்லுங்கோ என்றான். பலமாகச் சொன்னேன்.