ஓடாதென்று சொன்ன டிஸ்க்

"அது இந்த நாட்டுப் பிளேயர்லதான் ஓடும்ணே. அங்க போட்டா ஒண்ணும் வராது. சும்மா ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க" என்று கனடாவிலிருந்து ஜீவராணி போனில் சொன்னாள். அண்ணன் விடாமல் நச்சரித்ததால், சாக்லேட் பொதிக்குள் மகளின் கல்யாண டிஸ்க்கையும் வைத்து அனுப்பியிருந்தாள்.

ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள அதென்ன சாமி படமா? கணபதிக்கு மனம் ஆறவில்லை. ஒரே தங்கச்சி. அவள் படிக்கட்டும் என்று தன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் பேர் பதிந்தவன் அவன். அவளும் படித்தாள், பதுளையில் உத்தியோகம் பார்த்தாள், கூட வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனாள்.

அவள் மகள் லக்ஷிகாவுக்குக் கல்யாணம் என்றதும் கணபதி மாமன் சேலை வாங்கி அனுப்பினான். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமனின் உரிமை. நேரில் போகத்தான் வழியில்லை. "உங்க இடத்துல யாரையும் நிக்க வைக்கலண்ணே. உங்க பேரை மைக்குல சொல்லித்தான் சேலையைக் குடுத்தோம்" என்று ஜீவராணி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவன் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அவனைப் பிடிக்க முடியவில்லை. கனடா மண்டபத்தில் தன் பேரை மைக்கில் சொன்ன கதையைக் கேட்காத காது அங்கே கிடையாது. அதை ஒரு தடவை தானும் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசையெல்லாம்.

வீட்டிலிருந்த டிவிடி பிளேயர் அந்த டிஸ்க்கை வாங்கிக் கொஞ்ச நேரம் முனகிவிட்டு வெளியே தள்ளியது. கணபதி பண்டாரவளைக்கு பஸ் ஏறினான்.

கடைக்கார இத்ரூஸ் நானா டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "இது புளூரே. டிவிடி பிளேயரால இத வாசிக்க ஏலா."

"கனடா டிஸ்க் இங்க ஓடாதுன்னு தங்கச்சி சொல்லுதுங்க நானா."

"அது கடையில விக்கிற சினிமா டிஸ்க்குக்கு. நாட்டுக்கு நாடு பூட்டு வெச்சிருப்பாங்க. கலியாண வீடியோக்கு யாரு பூட்டுப் போடுற?"

கணபதி அலுமாரியில் மின்னிய பெரிய பெட்டியைக் காட்டினான். "அப்ப அது நல்லதுங்களா?"

"அது ஃபோர்கே. உங்கட டிவி ஃபோர்கே இல்லாட்டி அதால பிரயோசனம் இல்ல. த்ரீடி, வைஃபை ஒண்டும் உங்களுக்குத் தேவையில்ல. புளூரே வாசிக்கணும், ஸ்டூடியோவுல எழுதின டிஸ்க்கையும் எடுக்கணும், டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் கொழுவ இடம் இருக்கணும். இந்தச் சின்னது போதும்."

விலை கூடியதை விற்கிறவரே வேண்டாம் என்றது கணபதிக்குப் பிடித்துவிட்டது. போட்டுக் காட்டச் சொன்னான். பூக்களுக்கு நடுவே லக்ஷிகாவின் பேர் பளிச்சென்று வந்தது. "போதுங்க நானா, மிச்சத்தை வீட்டுல எல்லாரும் சேந்து பாக்கிறோம்" என்று நிறுத்தச் சொல்லி, காசைக் கொடுத்துப் பிளேயரை வாங்கிக்கொண்டான். பாவம், இந்த விவரமெல்லாம் தெரியாமல் தங்கச்சி ஓடாது என்று நினைத்துவிட்டாள் என்று வழியெல்லாம் அவள்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் அவன் காம்பராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தது. மனைவி பாக்கியலெட்சுமி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். படம் அத்தனை துல்லியம். ஜீவராணியின் மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. பெண்ணை அழைக்கும் கட்டம் வந்ததும் கணபதி கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னான்.

மைக்கில் ஒருவர் கணீரென்று அறிவித்தார். "மணமகளின் தாயாருக்கு உடன்பிறந்தவர்கள் எவரும் இல்லாத காரணத்தால், தாய்மாமன் ஸ்தானத்தில் குடும்ப நண்பர் திரு. பார்த்தீபன் அவர்கள் மணமகளை அழைத்துவருகிறார்."

கோட்டுப் போட்ட ஒருவர் லக்ஷிகாவின் கையைப் பிடித்து நடந்தார். பக்கத்தில் நின்ற ஜீவராணி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஒருவரும் கணபதியைப் பார்க்கவில்லை. பாக்கியலெட்சுமி எழுந்து டிவியை நிறுத்தினாள். வந்தவர்கள் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். கணபதி டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோட்டத்து அண்ணன் சம்பந்தி வீட்டுக்குக் கேவலம் என்றால், அதை நேரே சொல்லியிருந்தால் அழுதுவிட்டாவது விட்டிருப்பான். செத்தவனாகக்கூட இல்லை, பிறக்காதவனாகவே ஆக்கிவிட்டாளே. அவனை ஏமாற்ற அவளுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்தால், ஓடாது என்று நம்பவைத்து அதையே பொதி கட்டி அனுப்புவாள்!

பொழுது சாயும் நேரத்தில் ஜீவராணியே போன் எடுத்தாள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க? சாக்லேட் எல்லாம் சாப்பிட்டீங்களா?"

அவளை 'நீ' என்று தவிர வேறு விதமாகக் கணபதி அதுவரை கூப்பிட்டதே இல்லை.

"நீங்க நம்பர் மாறி எடுத்துட்டீங்கன்னு நெனைக்கிறேங்க" என்றான். "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்க."