அருகில் நிற்பவரைக் கேட்கவும்

கடை டிவியில் கிளி பறந்து முடித்து, தேன் ஒழுகி முடித்து, மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது அவள் தூணிலிருந்து முதுகை எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு ஆறே நொடி. திரையின் அடியில் ஒரு நீலப் பட்டை ஓடும்: 'மேலும் விவரங்களுக்கு அருகில் நிற்பவரைக் கேட்கவும்.' அப்படிப் பட்டை ஓடும்போது அருகில் ஒருவர் நிற்க வேண்டுமே. அவள் இரண்டு எட்டு முன்னால் வந்து, கைகளை வயிற்றுக்கு மேல் கோத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்பாள். சோபாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் சிரிக்கும். டிவி கூப்பிட்டால் ஆள் வருகிறதே என்று குழந்தைகள் வாயைப் பிளக்கும்.

ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் கிளி பறக்கும். ஒன்பது வருடத்தில் எத்தனையோ டிவிகள் வந்தன, போயின. கிளி மட்டும் மாறவில்லை. கடையில் அவளுக்கு எழுபத்தஞ்சக்கா என்று பெயர். இருப்பதிலேயே பெரிய எழுபத்தைந்து அங்குல டிவிக்குப் பொறுப்பானவள் என்பதால் வைத்த பெயர். வாஷிங் மெஷின் பக்கம் நிற்கிறவரை யாரும் ஏழு கிலோ அண்ணன் என்று கூப்பிடவில்லை. இந்த மரியாதை அவளுக்கு மட்டும்தான்.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் கேமரா இருந்தது. எழுபத்தைந்துக்கு எதிரே போட்டிருந்த சாம்பல் நிறச் சோபாவைத் தினமும் காலையில் தட்டித் துடைப்பவள் அவள்தான். அதில் உட்கார்ந்தால் மெத்தென்று இருக்குமா, கல் மாதிரி இருக்குமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மதியம் இருபது நிமிடம் குடோனில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் கால் கடுக்க நிற்பதுதான். வலது கால், இடது கால், கொஞ்ச நேரம் தூண்.

இந்த வருடம் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. சாயங்காலமானால் செருப்பு நுழையாது. வீட்டுக்குப் போனால் காலைத் தூக்கி வைக்க வேண்டும், பாதத்திலிருந்து முழங்கால் வரை கட்டுப் போட வேண்டும், வேலையில் ஒரு ஸ்டூலாவது வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் சீட்டை நான்காக மடித்து மேனேஜரிடம் நீட்டினாள்.

மேனேஜர் அவளைவிட இருபது வயது சின்னவர். சீட்டை முழுக்கப் படித்தார். "கஸ்டமர் பெரிய டிவியைப் பாக்க வராங்கக்கா. ஸ்டூலைப் பாக்க வரல."

"ஓரமா, தூணுக்குப் பின்னால போட்டுக்கறேன் சார்."

"கூப்பிட்டா எந்திரிச்சு வர்றதுக்குள்ள அவங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க."

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வீட்ல ரெஸ்ட் எடுங்க. அந்த எழுபத்தஞ்சை நீங்களே கொண்டு போயிடுங்க. புது மாடல் வருது. உங்களுக்குச் சேர வேண்டியதுக்குப் பதிலா வச்சுக்குங்க." ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். டிவிக்குப் பக்கத்தில் அவளை நிற்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் அவளுடைய மகள்.

மகள் கடல் தாண்டி ஒரு தையல் பேக்டரியில் இருந்தாள். மூன்று வருட ஒப்பந்தம். ஹாஸ்டலில் போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேரம்தான் கையில் கிடைக்கும். மூன்று வருடமாக மகள் உள்ளங்கை அளவில்தான் இருந்தாள். ஒரு ஞாயிறு, கடையில் கூட்டமில்லாத நேரத்தில், வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுகிற மாதிரியே தன் போனை எழுபத்தைந்தில் இணைத்துப் பார்த்தாள். முப்பது நொடி இருக்கும். மகள் ஆள் உயரத்துக்கு வந்து நின்றாள். சின்ன வயதில் படியில் விழுந்து தாடையில் ஆன தழும்பு கூடத் தெரிந்தது. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. ஊர் திரும்பலாம், அல்லது இன்னொரு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம். அம்மாவுக்கு வேலை போனது தெரிந்தால் மகள் பேனாவை எடுத்துவிடுவாள், அது நிச்சயம். அதனால் அவள் அந்தப் போட்டோவை அனுப்பி, 'நல்லா வேலை பாக்கறேன்னு கடைல பரிசு குடுத்தாங்க' என்று எழுதினாள். காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

டிவியைக் கொண்டுவந்து மாட்டியவர் அதே கடையின் ஆள். அதை வாசலில் நுழைக்கவே அவருக்கும் வண்டிக்காரருக்கும் அரை மணி நேரம் ஆனது. நேராக வரவில்லை, சாய்த்தாலும் வரவில்லை. கடைசியில் கதவைக் கழற்றினார்கள். சுவரில் துளை போட்டால் சிமென்ட் பொலபொலவென்று கொட்டியது. "இந்தச் செவுரு காலண்டரைத் தாங்கினாலே பெரிய விஷயம்க்கா" என்று சொல்லிவிட்டு, டிவியைப் பெட்டியின் மேலேயே நிறுத்தி வைத்தார். அறையில் ஒரு பக்கம் முழுக்க டிவி.

"ஜன்னலை மூடிருச்சேக்கா."

"ஜன்னல்ல என்ன தம்பி தெரியுது, அடுத்த வீட்டு பாத்ரூம் பைப்பு. அதுக்கு இது பரவால்ல."

சுவிட்சைப் போட்டார். கிளி பறந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். "எழுபத்தஞ்சக்கா வீட்டுக்கே வந்துருச்சு பாருங்க" என்றவர், ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்து, மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்தினார்.

"இது கடை மோட்ல பூட்டியிருக்குக்கா. வீட்டு டிவி மாதிரி இருக்காது. அஞ்சு நிமிஷம் ரிமோட்டைத் தொடலைன்னா, என்ன ஓடிட்டிருந்தாலும் நிறுத்திட்டு இந்தக் கிளியை விட்டுரும்."

"எடுத்து விடு, தம்பி."

"என்னால ஆகாது. கம்பெனி ஆளுதான் எடுக்கணும். அவங்க பில்லு கேப்பாங்க."

"பில்லு குடுக்கலையே."

"வாங்கினாத்தானே பில்லு" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கதவைத் திருப்பி மாட்டும்போது, தேவையில்லாமல் கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அறையில் அவளும் கிளியும்தான். தனியாக இருப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் ஒன்பது வருடம் தினமும் நூறு பேரிடம் வாய் ஓயாமல் பேசியவள். இப்போது காலையில் பால் போடுகிறவரிடம் "ம், வச்சிடுங்க" என்று சொல்வதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்துவிடும். சுவர், தட்டு, கொடியில் காயும் ரவிக்கை எல்லாம் ஒரு நேரம் பச்சையாகவும் ஒரு நேரம் தேன் நிறமாகவும் இருக்கும். அடுப்பைப் பார்த்து நின்றாலும் பின்னால் இப்போது மீன் வந்துவிட்டது என்று இசையை வைத்தே தெரியும். அணைத்துவிட்டால் அறை இருட்டாகி, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குக் கிளியே தேவலை என்று மறுபடி போடுவாள்.

வெள்ளிக்கிழமை பில் கேட்டுக் கடைக்குப் போனாள். அவள் நின்ற இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்றாள். புது டிவி இன்னும் பெரிதாக இருந்தது. கிளி அதேதான்.

"வாங்க மேடம், உக்காருங்க" என்று அந்தப் பெண் சோபாவைக் காட்டினாள். அவள் கேமராவை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா" என்று நின்றாள். மேனேஜர் வர முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் பட்டை ஓடும்போதெல்லாம் அவளுடைய கால் தானாக ஓர் எட்டு நகர்ந்தது. புதுப் பெண் அவளை முந்திக்கொண்டு போய் யாரிடமோ "சொல்லுங்க சார்" என்றாள்.

"பில் போட்டா வித்த மாதிரி ஆயிடும்க்கா" என்றார் மேனேஜர். "அன்பளிப்புக்கு யாராவது பில் போடுவாங்களா?"

"அன்னைக்கு, சேர வேண்டியதுக்குப் பதிலான்னு சொன்னீங்க சார்."

"பேச்சுக்குச் சொல்றதுதான். பேப்பர்ல அன்பளிப்புன்னுதானே இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவர் குரலில் கோபமே இல்லை. "காலைப் பாத்துக்குங்கக்கா" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசிக்கொண்டே நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் கிளி வராது. சனிக்கிழமை முழுக்க அதை ஒத்திகை பார்த்தாள். ஞாயிறு மதியம் தலை வாரி, கடைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். போனை டிவிக்கு முன்னால் ஸ்டூலில், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். கால் விண்விண்ணென்று தெறித்ததால் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, கட்டுப் போட்ட கால்களைக் கவிழ்த்த பக்கெட் மேல் நீட்டிக்கொண்டாள். போனில் முகமும் தோளும் மட்டும் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் பார்த்துச் சரி செய்தாள். ரிமோட் மடியில் இருந்தது.

மகள் வந்தாள். சுவர் நிறைய மகள்.

"அம்மா, தெரியறேனா?"

"தெரியறடி. என் எதிர்ல உக்காந்திருக்கற மாதிரி தெரியற."

"ஏம்மா, இவ்ளோ பெரிய டிவியச் சும்மாவா குடுத்தாங்க? உங்க மேனேஜர் டீ வாங்கித் தரவே யோசிப்பார்னு சொல்லுவியே."

"மனுஷன் திருந்தக் கூடாதா" என்று அவள் சிரித்தாள். சத்தத்தை ஒரு புள்ளி கூட்டிக் குறைத்தாள். "இங்க ஒரு குறையும் இல்ல. சம்பளம் வருது. நீ அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாத. கிளம்பி வா."

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்மா. நானும் வரணும்னுதான் இருக்கேன். உனக்கு வேலை இருக்கறதாலதான் தைரியம். வந்ததும் நான் ஒண்ணு தேடிக்கற வரைக்கும் ஓடிரும்ல?"

"தாராளமா ஓடும்."

மகள் நெற்றி முடியை ஒதுக்கினாள். அப்போதுதான் அவள் பார்த்தாள். புருவத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் தூசி. கண் ஓரம் சிவந்து தடித்திருந்தது. ஒதுக்கிய கையில் ஆள்காட்டி விரல் நகம் கறுத்து, நடுவில் ஊசி இறங்கிய துளை இருந்தது. போனில் பார்த்தபோதெல்லாம் நன்றாகத்தானே இருந்தாள். இத்தனை நாளாக இதெல்லாம் எங்கே இருந்தது?

"விரல்ல என்னடி?"

மகள் கையை மடக்கிக்கொண்டாள். "டிவி ரொம்பத்தான் பெருசா இருக்கு போல. ஒண்ணுமில்லம்மா, ஆறிடுச்சு."

"காட்டு."

"ஆறிடுச்சுன்னு சொல்றேன்ல."

"வந்துருடி. அந்த வேலையே வேண்டாம். போதும், வந்துரு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகளின் தாடையில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. அவள் கையை நீட்டினாள், திரையைத் தொடப் போகிற மாதிரி. மடியிலிருந்து ரிமோட் நழுவி நாற்காலிக்கு அடியில் போனதை அவள் கவனிக்கவில்லை.

மகள் மறைந்து கிளி பறந்தது.

"அம்மா? அம்மா, ஏதோ பாட்டுச் சத்தம் கேக்குது." மகளின் குரல் இப்போது ஸ்டூலின் மேலிருந்து சின்னதாக வந்தது.

"இரு இரு, வந்துடும்." அவள் உட்கார்ந்தபடியே குனிந்து நாற்காலிக்கு அடியில் துழாவினாள். நீட்டிய காலை மடக்க முடியவில்லை. விரல் நுனியில் ரிமோட் பட்டு, இன்னும் உள்ளே தள்ளிப் போனது. தேன் ஒழுகியது. மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

நீலப் பட்டை ஓடியது.

அவள் எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுந்து, பக்கெட்டைத் தாண்டி, இரண்டு எட்டு முன்னால் வந்து, கைகளை வயிற்றுக்கு மேல் கோத்துக்கொண்டு நின்றாள். ஸ்டூலில் இருந்த போனுக்கு எதிரே இப்போது அவள் முகம் இல்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை சுற்றிய இரண்டு வெள்ளைக் கட்டுகள்தான் இருந்தன.



"அம்மா, கால்ல என்ன?"

"அது சும்மா, டாக்டர்..."

"இந்தக் காலோட அந்தக் கடைல எப்படி நிக்கற?"



"நிறுத்திட்டாங்களா?" மகளின் குரல் இறங்கியிருந்தது. "இந்த டிவியப் பரிசாக் குடுத்தாங்களா, பதிலாக் குடுத்தாங்களா? உண்மையச் சொல்லு."

ஒன்பது வருடமாக, டிவியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் மளமளவென்று பதில் சொன்னவள். இப்போது வாய் திறக்கவில்லை. போனில் யாரோ நேரமாகிவிட்டது என்று அதட்டினார்கள். நாற்காலி நகரும் சத்தமும் தாள் புரளும் சத்தமும் கேட்டன.

"நீ உக்காரும்மா முதல்ல" என்றாள் மகள். பிறகு அங்கே யாரிடமோ, "பேனா இருக்கா?" என்று கேட்டாள். போன் அணைந்தது.

கிளி மறுபடி பறந்தது. தேன் ஒழுகியது. நாற்காலி காலியாக இருந்தது. அவள் கைகளைக் கோத்தபடி டிவிக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள்.