சின்ன அளவு ஜெர்கின்

அவளுக்குத் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தையல்காரர்கள் தைத்துத் தள்ளும் உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டி, பையைத் திருப்பிப் பார்த்து, மடித்து அடுக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் வீடு திரும்பினால் மகளுக்குத் தலை பின்னிவிடக்கூட விரல் மடங்காது.

அந்த வாரம் வந்தது கறுப்பு ஜெர்கின். தோளிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்புப் பட்டை, பட்டையில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. மலையாகக் குவிந்தது, அத்தனையும் சின்ன அளவு. பக்கத்து மேசைக்காரிக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் ரேடியோ என்றே பேர். குள்ளர்கள் பட்டாளத்துக்குப் போகிறதோ என்று அவள் கேட்க, சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். ஏதோ சிகரெட் கம்பெனி இனாமாகக் கொடுக்கிறதாம், அளவும் அவர்கள் சொன்னதுதான், நமக்கென்ன வந்தது என்றார். இவளும் நமக்கென்ன என்றுதான் இருந்தாள். அதற்குமேல் யோசிக்க அங்கே யாருக்கு நேரம்?

ஒரு ஜெர்கினுக்குக் கை கோணலாக விழுந்துவிட்டது. கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, பிரித்து நேராக்கித் தைத்து மகளுக்குக் கொடுத்தாள். பத்தாவது படிக்கிற பெண். பெரியப்பா மகள் போட்டுக் கழித்ததையே போட்டு வளர்ந்தவள். புழுக்கத்திலும் அதைக் கழற்ற மாட்டேன் என்றாள். தாய்க்கு வயிறு குளிர்ந்தது.

கொஞ்ச நாள் கழித்து அதைத் துவைக்கப் போனவள், வேலைப் பழக்கத்தில் பையைத் திருப்பினாள். லிப்ஸ்டிக் டப்பா மாதிரி மெல்லிசாக, இளஞ்சிவப்பில் ஒரு பெட்டி விழுந்தது. திறந்தால் புதினா வாசனை. உள்ளே சிகரெட். ஒன்று குறைந்திருந்தது.

ஓங்கிய கை மகள் முகத்தைப் பார்த்ததும் நின்றது. மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. டியூஷன் போகிற வழியில் பாட்டுப் போட்டபடி ஒரு வேன் நிற்கிறதாம். பட்டை ஜெர்கின் போட்டவர்களுக்கு மட்டும் வரிசை கிடையாதாம். உள்ளே விளையாட்டு, போட்டோ, குடிக்கச் சில்லென்று ஏதாவது. கிளம்பும்போது கையில் ஒரு பெட்டி.

“ஒண்ணுதாம்மா. இருமி இருமி கண்ணு பிதுங்கிடுச்சு. எனக்குப் பிடிக்கவே இல்ல.”

“அப்புறம் எதுக்குடி பெட்டிய வச்சிருக்க?”

“அங்க என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. வேற எங்க என்னை யாரு முதல்ல கூப்பிட்டிருக்கா, சொல்லு?”

தாய் பெட்டியை மூடினாள். அந்தப் பட்டையில் பிசிறு வெட்டியது அவள் கை, பிள்ளைக்கு மாட்டிவிட்டதும் அதே கை. போகாதே என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவாள் என்பதும் தெரியும். தானும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தானே.

மறுநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வேன் கண்ணில் பட்டதும் ஜெர்கினை வாங்கித் தன் உடுப்புக்கு மேலேயே மாட்டினாள். முழங்கைக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. ஒருவழியாக இழுத்துத் திணித்துக்கொண்டு நடந்தாள். மானம் போகிறதே என்று மகள் சுவரோரம் ஒதுங்கினாள்.

வேன் வாசலில் உயரமான செருப்போடு ஓர் இளம்பெண், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

“ஜெர்கின் போட்டா வரிசை இல்லையாமே. உள்ள விடும்மா.”

அவள் மேலும் கீழும் பார்த்தாள். “இது உங்களுக்கில்ல ஆன்ட்டி.”

“ஏன், நானும் ஊதுற ஆளுதான்” என்று கூசாமல் புளுகினாள் தாய்.

“ஊதுறவங்க கடையில வாங்கிக்குவாங்க. இன்னும் பழகாத சின்னவங்களத்தான் கூப்பிடச் சொல்லியிருக்காங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நானே கூலிக்கு நிக்கிறேன் ஆன்ட்டி. என் பொழப்பக் கெடுக்காதீங்க.”

தாய்க்கு அவள்மேல் கோபம் வரவில்லை. செருப்பு கடித்த குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

அதற்குள் அந்தப் பெண் சுவரோரம் பார்த்துச் சிரித்து, “வா தங்கச்சி, உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்” என்றாள். மகள் நகரவில்லை. பின்னால் பட்டை ஜெர்கினோடு இன்னொருத்தி வந்தாள். அவளிடமும் அதே சிரிப்பு, அதே குழைவு, “உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்.”

மகள் வந்து தாயின் கையைப் பிடித்தாள். “போலாம் வா.”

போகலாம்தான், ஜெர்கின் கழல வேண்டுமே. நடுத்தெருவில் ஒருத்தி இழுக்க, ஒருத்தி முறுக்க, போகிற வருகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

“மூச்ச உள்ள இழும்மா.”

“மூச்சு எங்கடி இருக்கு இழுக்க?”

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவழியாகக் கழன்றதும் பட்டை உள்ளே போகும்படி மகள் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“நாளைக்கு நான் எதைப் போட்டுட்டுப் போறது?”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் நடக்கத் தொடங்கினாள்.

தெருமுனை வரை பாட்டுக் கேட்டது. மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தாய் அதைப் பார்த்தாள். பிடித்த கையை விடாமல், நடையை மட்டும் மகளுக்காக மெதுவாக்கிக்கொண்டாள்.