இந்தி தெரியாதவர்களுக்கு

"உனக்கு எதுக்கும்மா இந்தி? தமிழ் ஸ்கூலையே ஆறாவதோட விட்டவ நீ."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடத் தீபாவளிக்குச் சித்தப்பா கேட்டது. கண்மணி அன்று பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்று, தேக்கா வீட்டின் கூடத்தில், அதே சித்தப்பா சவப்பெட்டிக்குள் அவள் அண்ணனின் கைக்குக் கீழே அவன் எழுதிய நோட்டுப் புத்தகங்களைச் செருகிக்கொண்டிருந்தார். செத்தவர் ஆசையாய் வைத்திருந்ததை அவரோடே அனுப்பிவிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். மூன்று மணிக்கு மயானத்துக்கு லாரி.

அண்ணன் மாணிக்கம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. சரக்குக் கிட்டங்கியைக் காவல் காக்கும் வடநாட்டு ஜாகாக்களோடு பேசிப் பேசி இந்தி கற்றவன். இந்தி இலக்கியத்தைப் புதியவர்களுக்குச் சொல்லும் புத்தகம் ஒன்றைத் தமிழில் எழுதிவந்தான். கடைசி இரண்டு மாதம் நெஞ்சுநோய் அவனை எழவிடவில்லை. அம்மா சந்தைக்குப் போகும் நேரமாகப் பார்த்து அவன் படுத்தபடி சொல்வான், கண்மணி எழுதுவாள். அந்த நோட்டுகளைத் தவிர வேறு பிரதி கிடையாது.

கண்மணி பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து போனாள். குனிந்து, சில்லிட்ட விரல்களைத் தூக்கி, மூன்று நோட்டுகளையும் உருவினாள்.

"அய்யய்யோ, பொணத்துக்கிட்டேர்ந்து பிடுங்குறா பாரு!" என்றாள் கமலா அத்தை.

நாலாவது நோட்டு இன்னும் சித்தப்பா கையில் இருந்தது.

"குடுங்க சித்தப்பா."

"ஆசையா எழுதினான், அவனோட போகட்டும். இத யாரு லா படிப்பா? இங்க எத்தன பேருக்கு இந்தி தெரியும்?"

"தெரியாதவங்களுக்குத்தான் அண்ணன் எழுதுச்சு. உங்க கையில இருக்கறது நான் எழுதினது."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"நீயா? எங்க, என்ன எழுதியிருக்குன்னு சொல்லு." சித்தப்பா நோட்டைத் திறந்தார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இதுவரை கதைகளைப் பார்த்தோம். இனிப் பாட்டு. பழைய பாட்டுகளை இன்றைய இந்தியில் தேடாதீர்கள். அவை அவதி மொழியிலும் விரஜ மொழியிலும் இருக்கின்றன. நெசவாளி பாடினான். அரண்மனைப் பெண்ணும் பாடினாள். சில பாட்டுகள் இரண்டே அடியில் முடிந்துவிடும். புரியவில்லை என்று மூடிவிடாதீர்கள். முதலில் வாய்விட்டு..."

பெட்டிப் பக்கம் திரும்பினாள். "முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்."

வரிவரியாக நகர்ந்த சித்தப்பாவின் விரல், பக்கத்தின் பாதியில் எழுத்து நின்ற இடத்தில் நின்றது.

"மிச்சம்?"

"நானே ஜாகாகிட்ட போய்க் கேட்டு எழுதுறேன்."

"ஹார்பருக்கா? பொம்பளப்புள்ள தனியாவா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்த."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. பெட்டியை மூடினார்கள். நான்கு பேர் தூக்க, வாசலில் செருப்புகள் மிதிபட்டன. சித்தப்பா நோட்டை அவள் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டார். புகை கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பியபடி படியிறங்கிப் போனார்.