குழாயில் வராத கசப்பு

"அதைத் தொடாதேடா! என் வீட்டுல அந்த விஷத்துக்கு இடமில்ல."

குழாயைத் திறக்கப்போன பேரனின் கையை க்ளெனிஸ் தட்டிவிட்டு, ஒரு தம்ளர் லெமனேடை நீட்டினாள். ஐந்து வயது டோபிக்குக் கசக்குமா என்ன? நியூசிலாந்தின் அந்தக் கடலோர நகரத்தில், பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளூரைடு கலக்கப் போவதாக நகரசபை அறிவித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்தே குழாயை நம்பாமல், இந்த வீட்டில் அவனுக்குத் தாகத்துக்கு லெமனேட்தான்.

இந்த மாதம் முதல் தேதியில் கலக்க ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பார்த்துவிடுவோம் என்று அன்றைக்குக் குழாய்த் தண்ணீரில் ஒரே ஒரு கோப்பை தேநீர் போட்டுக் குடித்தாள். நாக்கில் துருப்பிடித்த ஆணியின் ருசி, சாயங்காலம் வரை மண்டையிடி. சும்மா இருப்பாளா? தெருத் தெருவாகப் போய்ச் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் பாதி ஊருக்குத் தலை வலித்தது.

டோபியை அழைத்துப் போக மகள் கிர்ஸ்டி வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"நாலு பல்லைப் புடுங்கணுமாம்மா. மயக்க மருந்து குடுத்து. ராத்திரியெல்லாம் அழறான். நீ இங்க அவனுக்கு என்னதான் குடிக்கக் குடுக்கறே?"

"சுத்தமானதைத்தான் குடுக்கறேன். மூணு மணிக்குக் கூட்டம் இருக்கு. இந்த விஷத்தை இன்னிக்கே நிறுத்த வெக்கறேன், பாரு!"

"நானும் வர்றேன். ஆனா உனக்கு எதிர்ப்பக்கம் உக்காருவேன்."

வலித்தது. ஆனாலும் க்ளெனிஸ் அசையவில்லை. இந்தக் குழந்தைக்காகத்தானே இத்தனை பாடும்!

நகரசபைக் கூடத்தில் உட்கார இடமில்லை. தன் நாய் குழாய்த் தண்ணீரை மோந்துகூடப் பார்ப்பதில்லை என்றார் க்ளெனிஸோடு சேர்ந்து எதிர்த்துவந்த டிரெவர்.

"நீ குளிச்ச தண்ணியை வெச்சிருப்ப!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் க்ளெனிஸ் எழுந்து முதல் தேதித் தேநீரைப் பற்றிச் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. "என் நாக்கு பொய் சொல்லாது!" என்று முடித்தாள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

மேயர் ஃபிலிப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கே சங்கடம்.

"க்ளெனிஸ், கலக்கற பம்ப் இன்னும் கப்பல்லதான் வந்துட்டிருக்கு. தாமதம்னு வாசல்ல அறிவிப்பு ஒட்டியிருந்தோம், யாரும் படிக்கல போல. இதுவரைக்கும் ஒரு சொட்டுகூடக் கலக்கல."

 வெடித்தது பாருங்கள் சிரிப்பு! டிரெவர் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். கிர்ஸ்டி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியில் டோபி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் க்ளெனிஸுக்கு உறைத்தது. வராத விஷத்துக்குப் பயந்து, ஒரு வருடமாக இந்தப் பிள்ளைக்கு எதை ஊற்றிக் கொடுத்தோம்? சர்க்கரைத் தண்ணீர். வேறு யாருமில்லை, தன் கையாலேயே.

வேறொருத்தியாக இருந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு நழுவியிருப்பாள். க்ளெனிஸ் உட்காரக்கூட இல்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? சரி. ஃபிலிப்பா, எவ்வளவு கலக்கப் போறீங்க? அளவு கூடிட்டா யாரு கண்டுபிடிப்பாங்க? இதை ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் இங்கயே நிப்பேன்."

பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"தண்ணில என்ன கலக்கறாங்கன்னு கேக்கறது நம்ம உரிமை. அதை யாருக்கும் விட்டுக் குடுக்காதீங்க. ஆனா பதில் வர்றதுக்கு முன்னாடியே பயத்தைக் கலந்து நாமளும் குடிச்சு, ஊருக்கும் ஊத்திக் குடுத்தோம் பாருங்க, அதுதான் விஷம். அதைக் கலக்கினது நகரசபை இல்ல, நான்."

யாரும் கைதட்டவில்லை. மேசை மேலிருந்த ஜாடியில் குழாய்த் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டு போய் டோபியிடம் நீட்டினாள்.

"குடிடா கண்ணு."

"லெமனேட் இல்லையா?"

"இனிமே கிடையாது" என்றாள் க்ளெனிஸ்.

கிர்ஸ்டி நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.