மீசைக்கு ஏற்ற குரல்

காது கேட்காமல் போன பிறகுதான் எனக்குத் திருமணம் நடந்தது. ஆகவே என் கணவர் முதாசிரின் குரலை நான் கேட்டதே கிடையாது. ஆனாலும் அது எனக்கு நன்றாகத் தெரியும் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

பள்ளிக்கூடம் முடியும்வரை எனக்கும் எல்லோரையும் போலக் கேட்டது. பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து, கல்லூரியில் இருக்கும்போதே முழுவதும் நின்றுவிட்டது. உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினேன். முன்பு கேட்டிருந்தவள் என்பதாலோ என்னவோ, எதிரே உதடு அசைந்தால் என் மனம் அதற்கு ஒரு குரலைப் போட்டுவிடும். நான் தேர்ந்தெடுப்பதில்லை, தானாகவே போடும். முதாசிர் பெண் பார்க்க வந்தபோது, அகன்ற தோளும் அடர்ந்த மீசையுமாக உட்கார்ந்து "என்ன படிச்சீங்க?" என்று உதட்டை அசைத்ததுமே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல் எனக்குள் கேட்டது. அதன்பின் அவர் பேசியதையெல்லாம் அந்தக் குரலில்தான் கேட்டேன். மாமியார் அக்தர் பேகத்துக்கு மெல்லிய உதடுகள். வாயை அதிகம் திறக்காமல் பேசுவார். அவருக்கு என் மனம் கொடுத்தது வெட்டிப் பேசும் கறாரான குரல். அதனால் அவரிடம் எனக்கு எப்போதும் சிறு பயம்.

இந்த வருடம் காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறியதும் குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்கில் சின்மயி என்ற பெண், காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதியைப் பொருத்தி, கருவியை முதல்முறையாக இயக்கினார். தகர டப்பாவுக்குள் அடைத்த வண்டுகள் போலச் சத்தம் வந்தது. வண்டுகளில் ஒன்று சின்மயி என்பது அவர் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"முதல்ல எல்லார் குரலும் ஒரே மாதிரி கீச்சுன்னுதான் கேக்கும் மேடம். ஆம்பளை பொம்பளை வித்தியாசம்கூடத் தெரியாது. இதைக் கத்துக்க வேண்டியது காது இல்ல, மூளை. டைம் எடுக்கும். சார், நீங்க தினமும் இவங்ககிட்ட நிறையப் பேசணும்."

முதாசிர் தலையாட்டினார். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவர் வெளியில் பேசாத ஆள். கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். திருமுடிவாக்கத்தில் அவர் நடத்தும் சின்னப் பட்டறையில் பிரஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே எல்லோருக்கும் கைச்சாடைதான். ஆனால் வீட்டுக்கு வந்தால், சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்து என் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டே இருப்பார். பகல் முழுக்க நான் அதற்காகத்தான் காத்திருப்பேன். காது வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் அதைக் கேட்கத்தான். இப்போதோ ஹாலில் இருந்தபடி "டீ வேணுமா?" என்று போனில் மெசேஜ் அனுப்பினார்.

"ரெண்டு ரூமு வூட்டுல என்னடா வாட்ஸ்அப்பு?" என்றார் மாமி. "அப்படியே எனக்கும் ஒண்ணு போடு, பருப்பு தீர்ந்துபோச்சுன்னு."

கருவி எனக்கு மிக்ஸி சத்தத்தையும் ரயில் ஹாரனையும் கொடுத்துவிட்டு, அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டது. அதைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன்.

வாரங்கள் போகப் போக வண்டுகள் மனிதர்களாகப் பிரிந்தன. முதலில் பிரிந்தவர் மாமி. மென்மையான, இழுத்துப் பேசும் குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. "இன்னைக்காவது உப்பு போட்டியா?" என்று அவர் கேட்பதை வருடக்கணக்காகக் குற்றச்சாட்டாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். அது கேலி. அப்போதும் கேலியாகத்தான் இருந்திருக்கிறது.

"என்ன கைனாத், அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாமி. போட்டுட்டேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூரியர்காரர் போன் செய்தார். கையில் மாவு இருந்ததால் முதாசிர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், பெருங்களத்தூர் சிக்னல் தாண்டிட்டேன். ரைட்டா லெஃப்டா மேடம்?"

"லெஃப்ட். மேடம் இல்ல, சார்."

"ஓகே மேடம்."

அப்போதுதான் கேட்டேன். மெலிந்து, உச்சத்தில் நிற்கும் ஒரு குரல். அது அந்த மீசைக்குக் கீழிருந்து வந்தது என்பதை நம்ப எனக்கு ஒரு கணம் பிடித்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கையைக் கழுவாமலே மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"அவனுக்குக் குரல் உடையவே இல்ல," என்றார் மாமி. "ஸ்கூல்ல பசங்க படுத்தின பாட்டுல பேசறதையே விட்டுட்டான். உனக்குக் காது கேக்காதுன்னு தரகர் தயங்கித் தயங்கித்தான் சொன்னாரு. இவன் உடனே சரின்னுட்டான். எனக்கே அப்போ புரியல."

காது கேட்காதவளை அவர் இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைச் சுமந்துகொண்டே இந்த வீட்டில் மெதுவாக நடந்தேன், வேண்டியதைக்கூடக் குறைவாகவே கேட்டு வாங்கினேன். இப்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. அவர் தயங்காமல் பேச இந்த உலகத்தில் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கே தெரியாமல் நான் அந்த இடமாக இருந்திருக்கிறேன்.

மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என் காதைக் காட்டி, கழற்றும்படி சைகை செய்தார். கழற்றினேன்.

"கொஞ்ச நேரம் பழையபடி இருக்கலாம்," என்றன அவர் உதடுகள். கிணற்றுக் குரல் உடனே திரும்பி வந்தது. அதற்கு எதுவும் ஆகவில்லை. பட்டறையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். பக்கத்து யூனிட்காரர் ஏகநாதன், லாரியை வழியில் நிறுத்தியதற்காகச் சண்டைக்கு வந்தாராம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை முதாசிரின் உதடுகள் மூடிக்கொண்டன, முகம் கனத்தது. என் தோழி ஈவ்லினிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: அவர் ஆழ்ந்து யோசித்து, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர் என்று.

பாதிக் கதையில் கருவியை எடுத்து மாட்டினேன். அவர் நிறுத்திவிட்டார்.

"மீதியைச் சொல்லுங்க மச்சான்."

"வேணாம் கைனாத். கேக்க நல்லா இருக்காது."

"அதை நான் சொல்றேன். ஏகநாதன் சார் வந்து நின்னாரு. அப்புறம்?"

அவர் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, அந்த மெலிந்த குரலில்:

"முதாசிரு... ம்ம்ம்ம்... உன் லாரி... ம்ம்ம்ம்ம்... என் கேட்டுல..."

மூடிய உதடுகளுக்குள், மூக்கு வழியே, கிளம்ப மறுக்கும் ஆட்டோ போல ஒரு முனகல். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

"இது என்ன சத்தம்?"

"அவரு அப்படித்தான் பேசுவாரு." என் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமா செஞ்சு காட்டுறேன். நீ சிரிச்சதே இல்ல. உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். ஆனாலும் விட மனசு வரல."

உதடு மூடியிருக்கும்போது உள்ளே நடப்பதை எந்தக் கண்ணும் பார்க்க முடியாது. நான் ரசித்த மௌனங்கள் ஒன்றுகூட மௌனம் இல்லை. ஆழ்ந்து யோசிக்கும் அந்தக் கனத்த குரல்காரர், என் மனம் எனக்காக உண்டாக்கித் தந்த ஆள். சத்தமில்லாத வருடங்களில் எனக்குத் துணையாக இருந்தார். அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவரைவிட வேடிக்கையானவர். சிரிக்காத ஒருத்திக்காக இத்தனை காலம் கதை சொன்னவர்.

"இன்னும் யார் யாரையெல்லாம் செஞ்சு காட்டினீங்க, நான் சிரிக்காம?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை.

"முதல்லேர்ந்து வாங்க," என்றேன்.

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாக வந்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தவர், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, அது கடந்துபோகும்வரை காத்திருந்தார்.